ஒரு சதவீத சீரியம்

பரணில் கிடந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு இறங்கிவிட்டது. வாஷர் மாற்றியாயிற்று, நாசில் குத்திச் சுத்தம் செய்தாயிற்று, மண்ணெண்ணெயும் ஊற்றியாயிற்று. மேன்டில்தான் இல்லை. எங்கோ ஒரு பழைய பாத்திரக் கடையில் கிடைத்தாலும் அளவு பொருந்துவதில்லை. விளக்கில் மற்றதெல்லாம் பித்தளை, எஃகு, பீங்கான், கண்ணாடி. இது ஒன்றுதான் துணி. துணிதானே, வீட்டில் தைத்துக்கொண்டால் போகிறது என்று யாருக்கும் தோன்றும்.

தைக்கலாம். ஆனால் அந்தத் துணிக்கு விளக்கில் வேலை முதல் ஒரு நிமிடம் மட்டுமே. அதற்குப் பிறகு பல மாதம் ஒளி தருவது துணி விட்டுப்போன சாம்பல். வீட்டில் மேன்டில் செய்வது என்றால், உண்மையில் சரியான சாம்பலைச் செய்வது என்று அர்த்தம். எந்தச் சாம்பல் ஒளிரும், எது ஒளிராது, ஏன் என்பதைக் கண்டுபிடிக்க நல்ல வேதியியலாளர்களுக்கே பல ஆண்டுகள் பிடித்தன.

கடையில் வாங்கிய புது மேன்டிலைக் கட்டும்போது நடப்பதை அருகிலிருந்து பாருங்கள். பையின் வாயிலுள்ள சுருக்குக் கயிற்றைப் பீங்கான் மூக்கில் மாட்டி இறுக்கி, மடிப்புகள் சுற்றிலும் சமமாக விழும்படி விரலால் நீவி விடுகிறோம். அடியில் தீக்குச்சியைக் காட்டியதும் நெருப்பு அவசரமில்லாமல் மேலே ஊர்கிறது. ஓரங்கள் கறுத்துச் சுருள்கின்றன, மூக்கைத் துளைக்கும் புகை எழுகிறது. கரி முழுவதும் எரிந்து தீர்ந்ததும், பை பாதியாகச் சுருங்கி, துவண்ட ஒரு சாம்பல்நிறத் தொங்கலாக நிற்கிறது. இந்த நிலையில் அதைப் பார்த்தால் நம்பிக்கையே வராது. பிறகு காற்றடித்து வால்வைத் திறந்தால், மண்ணெண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே பாய்கின்றன. தொங்கல் உப்பி, சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்து, சில நொடிகளில் எலுமிச்சம்பழ உருவத்தில் வெள்ளையாக எரிகிறது. அந்தச் சில நொடிகளில்தான் சாம்பல் துகள்கள் வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, இழை இழையான பீங்கானாக மாறுகின்றன. அணைத்த பிறகு விரல் பட்டால் போதும், பொடியாக உதிர்ந்துவிடும். 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கையில் மேன்டில் நொறுங்குவதைப் பார்த்துத் தமிழ்நாடே சிரித்தது. நொறுங்கியது துணி அல்ல, சாம்பல் என்பதே அந்தக் காட்சிக்குள் இருக்கும் வேதியியல்.

ஊதுவத்தியின் சாம்பல் விழாமல் வத்தியின் உருவத்திலேயே சற்று நேரம் நிற்பதைப் பார்த்திருப்போம். மேன்டிலில் நடப்பதும் அதுதான், ஆனால் திட்டமிட்டு நடக்கிறது. வெறும் பருத்தித் துணியை எரித்தால் கிடைக்கும் சாம்பல் மிகக் குறைவு, உருவம் நிற்காது. அதனால் துணியை முதலில் ஏதோ ஓர் உலோகத்தின் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்கிறார்கள். பருத்தி இழை நீரில் உப்பும்போது கரைசல் இழையின் உடலுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. காய்ந்ததும் உப்பு அங்கேயே தங்குகிறது. தீயில் நைட்ரேட் சிதைந்து, நைட்ரஜன் டைஆக்சைடு பழுப்புப் புகையாக வெளியேறுகிறது. உலோகத்தின் ஆக்சைடு மிஞ்சுகிறது. இழை எரிந்துபோகும், இழையின் அச்சு ஆக்சைடில் நிற்கும்.

எந்த ஆக்சைடு என்பதில்தான் கதை இருக்கிறது.

வீட்டில் முயல்கிறவர் முதலில் நினைப்பது சுண்ணாம்பு. அதில் தவறில்லை. 1820-களிலேயே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுடரில் சுண்ணாம்புக் கட்டியைக் காய்ச்சி, கண் கூசும் வெளிச்சத்தை எடுத்தார்கள். தாமஸ் டிரம்மண்ட் அதை அயர்லாந்து நில அளவையில் பயன்படுத்தினார். பிறகு நாடக மேடைகளுக்கும் அது வந்தது. கால்சியம் நைட்ரேட்டில் ஊறிய துணி எரிந்தால் மேன்டில் போலவே ஒன்று கிடைக்கும், ஓரளவு ஒளிரவும் செய்யும். ஆனால் மறுநாள் காலையில் அது இருக்காது. கிளிஞ்சலைச் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் பொரிந்து மாவாக நீறுகிறதே, அதே வினைதான். இங்கே தண்ணீர் தெளிக்கக்கூட வேண்டாம், இரவுக் காற்றின் ஈரமே போதும். இழைகள் ஈரம் குடித்து, உப்பி, உதிர்ந்துவிடும்.

மக்னீசியம் அந்த வகையில் பரவாயில்லை. 1881-இல் பாரிசில் சார்லஸ் கிளாமண்ட் மக்னீசியா இழைகளால் கூடை பின்னி எரிவாயுச் சுடரில் வைத்தார். ஒரு எச்சரிக்கை: மக்னீசியம் கைக்கு எளிதாகக் கிடைப்பது எப்சம் உப்பாக. அது சல்பேட். சல்பேட் சிதைய 1,000 டிகிரிக்கும் மேல் வேண்டும், அதனால் துணி எரிந்த நேரத்தில் உப்பு உப்பாகவே கிடக்கும், இழை சேராது. நைட்ரேட்டோ அசிட்டேட்டோ இருந்தால்தான் வேலை நடக்கும்.

இந்தத் தேடலை முடித்து வைத்தவர் வியன்னாவின் கார்ல் ஆவர். பின்னாளில் அவர் பெயர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1858-இல் பிறந்தவர், ஹைடல்பெர்க்கில் வேதியியலாளர் பன்சனிடம் படித்தவர். அவருடைய ஆர்வம் விளக்கில் இல்லை, அருமண் தனிமங்களில் இருந்தது. அந்த உப்புகளைச் சுடரில் காட்டி நிறமாலையைப் பார்க்கவேண்டும். கம்பி நுனியில் ஒட்டும் சிறு மணி அளவு உப்பு போதிய வெளிச்சம் தரவில்லை. கரைசலில் பருத்தி நூலை நனைத்து எரித்துப் பார்த்தார். நூல் எரிந்தது, ஆக்சைடு நூல் உருவத்திலேயே நின்று ஒளிர்ந்தது. நிறமாலைக்காக வைத்த நூல் விளக்காகிவிட்டது.

1885-இல் அவர் இரண்டு பெரிய காரியங்கள் செய்தார். டிடிமியம் என்று ஒரே தனிமமாக எண்ணப்பட்டதைப் பிரசியோடிமியம், நியோடிமியம் என்று இரண்டாகப் பிரித்தார். எரிவாயு மேன்டிலுக்குக் காப்புரிமையும் பெற்றார். அந்த முதல் மேன்டிலில் மக்னீசியம் ஆக்சைடோடு லாந்தனமும் யிட்ரியமும் சேர்ந்திருந்தன. ஒளி பச்சையாக இருந்தது, அதன் கீழ் மனித முகம் நோயாளி முகம் போலத் தெரிந்தது, மக்கள் விரும்பவில்லை. லாந்தனம் ஆக்சைடுக்கும் சுண்ணாம்பின் குணமே உண்டு. காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் வாங்கி உதிர்ந்தது. ஆட்ஸ்கெர்ஸ்டோர்ஃபில் 1887-இல் தொடங்கிய தொழிற்சாலை இரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது.

அங்கிருந்து அவர் தோரியத்துக்குப் போனார். தோரியம் ஆக்சைடு உருக 3,300 டிகிரி செல்சியஸ் வேண்டும். எந்த ஆக்சைடும் அதற்கு மேல் தாங்குவதில்லை. ஈரத்துக்கும் அசையாது. முதலில் செய்த தோரியம் மேன்டில்கள் நன்றாகவே எரிந்தன. இன்னும் நன்றாக எரியட்டும் என்று தோரியத்தைச் சுத்திகரித்தார், ஒளி குறைந்தது. மேலும் சுத்திகரித்தார்; இன்னும் மங்கியது. முழுத் தூய்மையை நெருங்கியபோது கிட்டத்தட்ட வெளிச்சமே இல்லை. சுத்திகரிப்பில் வெளியேறிக்கொண்டிருந்த மாசுதான் ஒளிக்குக் காரணம் என்பதை அப்போது அவர் உணர்ந்தார். அந்த மாசு சீரியம். அளந்து சேர்த்துப் பார்த்ததில் தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு என்ற விகிதம் நின்றது. 1891 நவம்பர் 4 அன்று வியன்னாவில் ஓபரா அருகே ஒரு காபிக் கடை வாசலில் அந்த விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பாவின் தெரு விளக்குகள் அடியோடு மாறின.

தன் கண்டுபிடிப்பைத் தானே சுத்திகரித்துக் கெடுத்து, கெட்டதிலிருந்து காரணத்தை எடுத்த அந்தக் கட்டம் எனக்கு வேதியியல் வரலாற்றிலேயே மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. பொருள் தூய்மையாக ஆக மேம்படும் என்பது ஆய்வகத்தில் ஊறிப்போன நம்பிக்கை. அதைச் சந்தேகிக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

ஏன் ஒரு சதவீதம்? இதைப் புரிந்துகொள்ளாமல் வீட்டில் மேன்டில் செய்கிறவர் நிச்சயம் ஏமாறுவார், ஏனென்றால் சீரியம் நைட்ரேட் வாங்குவது எளிது, அதை மட்டும் வைத்துச் செய்து பார்க்கத் தோன்றும். செய்தால் மங்கலான செம்மஞ்சள் ஒளிதான் வரும். சீரியமே ஒளிக்குக் காரணம் என்றால் முழுச் சீரியம் ஏன் ஒளிராது?

கணக்கு இப்படிப் போகிறது. பெரிய பெட்ரோமாக்ஸ் ஒரு லிட்டர் மண்ணெண்ணெயைச் சுமார் எட்டு மணி நேரத்தில் எரிக்கிறது. அப்படியானால் சுடரின் வெப்பம் ஏறக்குறைய 1,200 வாட். வருமானம் அவ்வளவுதான், கூடாது. சூடான பொருள் எதுவும் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடும். 1,600 டிகிரியில் இருக்கும் கறுப்புப் பொருள் விடும் கதிரில் கண்ணுக்குத் தெரியும் ஒளி நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் அகச்சிவப்பு, அதாவது தோலில் படும் சூடு. அப்படிச் செலவழிக்கும் பொருளைச் சுடரில் வைத்தால் அது 1,600 டிகிரிக்குப் போகவே போகாது. வரும் வெப்பத்தை அகச்சிவப்பாக வாரி இறைத்துவிட்டு, தானும் குளிர்ந்து சிவப்பாகவே நின்றுவிடும்.

தோரியம் ஆக்சைடு இதற்கு நேர் எதிர். ஒளியையும் விடாது, அண்மை அகச்சிவப்பையும் விடாது. சுடரின் வெப்பத்தைச் செலவழிக்க வழியில்லாமல் சுடரின் வெப்பநிலையையே ஏறக்குறைய எட்டிவிடுகிறது. கடுமையாகச் சூடாகி, ஆனால் இருண்டு கிடக்கிறது. அதற்குள் தூவப்பட்ட சீரியத்துக்கு ஒரு தனிக் குணம்: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் தாராளம், அகச்சிவப்பில் கஞ்சம். சீரியம் ஆக்சைடு பார்வைக்கு வெளிர்மஞ்சள் தூள். மஞ்சளாகத் தெரிகிறது என்றால் நீலத்தை விழுங்குகிறது என்று பொருள். எந்த நிறத்தை ஒரு பொருள் விழுங்குகிறதோ, சூடானால் அதே நிறத்தை வெளியே விடும் என்பது கிர்ச்சாஃப் விதி. வெப்பம் ஏற ஏற அது விழுங்கும் எல்லை பச்சைக்கும் சிவப்புக்கும் விரிகிறது. எல்லாம் சேர்ந்து வெள்ளையாகிறது. கிர்ச்சாஃப் அந்த விதிக்கு வந்தது ஹைடல்பெர்க்கில் பன்சனோடு வேலை செய்த காலத்தில். அந்தப் பன்சனின் மாணவர் கையில் அந்த விதி விளக்காக வந்து சேர்ந்தது.

சீரியம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அதன் அகச்சிவப்புச் செலவும் கூடிவிடும்; மேன்டில் குளிரும், ஒளி மஞ்சளாகி மங்கும். குறைந்தால் ஒளி விட ஆள் இல்லை. நல்ல மேன்டிலின் திறமை அது எவ்வளவு வெளியே விடுகிறது என்பதில் இல்லை, எதை விடாமல் வைத்திருக்கிறது என்பதில்தான். இயற்பியலாளர் ஹைன்ரிஷ் ரூபன்ஸ் 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆவர் மேன்டிலின் கதிரை அலைநீளம் அலைநீளமாக அளந்து இதைத் தெளிவாக்கினார். ஆவர் விளக்கைச் செய்து முடித்துப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அது ஏன் எரிகிறது என்பது விளங்கியது.

இவ்வளவு தோரியத்துக்கு எங்கே போவது? மோனசைட் மணலுக்கு. முதலில் பிரேசில் கடற்கரை மணல் கப்பலேறியது. 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட்டைக் கண்டறிந்தார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மின்னும் மணலே அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. பிரேசில் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 5, 6 சதவீதம் என்றால் இங்கே 8, 9 சதவீதம். மணல் பிரிக்கும் ஆலை அங்கே எழுந்தது. ஐரோப்பியத் தெருக்களிலும் வீடுகளிலும் எரிந்த மேன்டில்களில் ஒரு பங்கு குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து போனது. 1914-இல் போர் மூண்டதும் ஜெர்மானியர் கையிலிருந்த அந்த மணல் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. விடுதலைக்குப் பிறகு மோனசைட் அணுசக்திப் பொருளாயிற்று. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவானது, ஆலுவாவில் மோனசைட்டைப் பிரித்தார்கள், 1955 முதல் டிராம்பேயில் தோரியம் நைட்ரேட் எடுத்தார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த மேன்டில்களுக்கு வழி அதுதான்.

மோனசைட்டில் தோரியத்தைவிடச் சீரியம் பல மடங்கு அதிகம். நூற்றுக்கு ஒன்று போதும் என்றால் மிச்சத்தை என்ன செய்வது? ஆவர் 1903-இல் அதை இரும்போடு கலந்தார். உரசினால் பொறி பறந்தது. லைட்டர்களுக்குள் இருக்கும் கல் அதுவே.

தோரியத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் வீட்டில் செய்ய நினைக்கிறவருக்கு இதுதான் முதல் கேள்வி. தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பதை 1898-இல் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டார்கள். அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள், அதனால் தோரியம் தன்னளவில் மெதுவாகத்தான் சிதைகிறது. ஆனால் அதன் வழித்தோன்றல்களான ரேடியமும் தோரான் வாயுவும் அவ்வளவு பொறுமையானவை அல்ல. விளக்கைத் தொங்கவிட்டு அதன் கீழ் உட்கார்ந்தவருக்கு வந்த ஆபத்து சிறிது. உடைந்த மேன்டிலின் தூளை மூச்சில் இழுப்பது, புது மேன்டிலை மூடிய அறையில் எரிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொழிற்கூடத்தில் நாள் முழுவதும் தோரியம் நைட்ரேட்டில் துணியை நனைத்துப் பிழிவது, இவைதான் கெடுதல். அந்தப் பட்டறைத் தொழிலாளர்களின் உடல்நலத்தை யாரும் முன்கூட்டியே நினைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. போதாக்குறைக்கு, சாம்பல் வலுப்பெற பெரிலியம் நைட்ரேட்டும் சிறிது சேர்ப்பார்கள். பெரிலியம் முதல் எரிப்பில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கும், நுரையீரலுக்கு அது நஞ்சு.

ஆகவே வீட்டில் தோரியம் வேண்டாம், சட்டமும் அனுமதிக்காது. மாற்று இருக்கிறது. அமெரிக்காவின் கோல்மேன் நிறுவனம் 1990-களில் தோரியத்தை விட்டு யிட்ரியத்துக்கு மாறியது. ஆவரின் முதல் மேன்டிலில் இருந்த அதே யிட்ரியம், நூறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. யிட்ரியம் ஆக்சைடு சுமார் 2,400 டிகிரியில்தான் உருகும், அகச்சிவப்பில் இதுவும் சிக்கனம், ஈரத்துக்கு லாந்தனம் அளவு அசையாது. தோரியத்தைவிடச் சற்று மங்கல், சற்று எளிதில் உடையும். அந்தக் குறையை ஏற்றுக்கொள்வதே நல்லது.

துணியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பருத்தி என்று விற்கும் காலுறையில் பாதி பாலியஸ்டர் இருக்கும். ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். உருகி மணியாகத் திரண்டால் அது உதவாது, அது கரைசலைக் குடிக்காது, சாம்பலும் தராது. சுத்தமான பருத்தி, அதைவிட மேலாக ரேயான் என்னும் செயற்கைப் பட்டு. பருத்தி குட்டை இழைகளை முறுக்கிய நூல். ரேயான் முடிவில்லாமல் நீளும் இழை. அதன் ஆக்சைடு வடிவமும் அப்படியே நீளமாக அமைவதால் அதிர்வைத் தாங்கும். நெய்த துணியைவிடப் பின்னிய குழாய்த் துணி நல்லது, கண்ணிகள் சுருங்கவும் உப்பவும் இடம் கொடுக்கும். அடுத்தது சலவை. சோடாவும் இரும்பும் சிலிக்காவும் துணியில் ஒட்டியிருந்தால் அவை ஆக்சைடோடு சேர்ந்து இழையை உருக்கிக் கூன வைக்கும். பழைய தொழிற்சாலைகளில் துணியை நீர்த்த அமிலத்திலும் பிறகு அம்மோனியாவிலும் அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவினார்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவரின் மேன்டில் ஓர் இரவில் ஓட்டை விழும்.

விகிதத்தை ஊகிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். யிட்ரியம் நைட்ரேட் கரைசலைச் சிறு சிறு புட்டிகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் சீரியம் நைட்ரேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, விரலளவு துணித் துண்டுகளை நனைத்துக் காயவைத்து, நீலச் சுடரில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் கண்ணே சொல்லிவிடும். ஆவரின் பல ஆண்டு உழைப்பு ஒரு மாலை நேரத்தில் மேசைமீது நடக்கும். நைட்ரேட் ஊறிக் காய்ந்த துணி சாதாரணத் துணியைவிட வேகமாகத் தீப்பிடிக்கும் என்பதை மறக்கக்கூடாது. அதைக் குவித்து வைக்கக்கூடாது. எரிப்பது திறந்த வெளியில், காற்று போகும் பக்கம் முகம் இல்லாமல். காய்ந்த துணியை அம்மோனியா ஆவியில் காட்டினால் நைட்ரேட் இழைக்குள்ளேயே ஹைட்ராக்சைடாக மாறும். அது எரியும்போது பொங்காது, சாம்பல் இறுகி வலுவாக நிற்கும். செயற்கைப் பட்டு மேன்டில்களுக்குத் தொழிற்சாலைகள் செய்த வேலை இது.

வாயைச் சுருக்கும் கயிறும் தீயில் எரியக்கூடாது. அந்தக் காலத்தில் அதற்குக் கல்நார் நூல். இன்று கல்நாரைத் தொடவேண்டாம். மெல்லிய நிக்ரோம் கம்பி போதும்.

பெட்ரோமாக்ஸுக்குச் செய்வது இதோடு முடிந்தது, ஏனென்றால் அதன் அழுத்தமே பையை ஊதி உருவம் கொடுத்துவிடும். திரி விளக்குக்கு அந்த வசதி இல்லை. சிகாகோவிலிருந்து 1909 முதல் வந்த அலாடின் விளக்கைப் பாருங்கள். பம்ப் இல்லை, சத்தம் இல்லை. வட்டத் திரியில் எரியும் மண்ணெண்ணெய்ச் சுடருக்குச் சிம்னி இழுக்கும் காற்று நிறையச் சேர்ந்து அது நீலமாகிறது. அதற்கு மேல் கம்பிச் சட்டத்தில் மேன்டில் நிற்கிறது. தளர்ந்த பையை இந்தச் சுடர் ஊதி விரிக்காது. அதனால் ஊறிய துணியை மரக்கட்டை அச்சில் மாட்டி உருவம் கொடுத்துக் காயவைத்து, சட்டத்தில் தொங்கவிட்டு எரித்து, பிறகு வலுவான ஊதுசுடரால் உள்ளிருந்து சுட்டு இறுக்கவேண்டும். சுருங்குவதற்கு இடம் விட்டு, அச்சு உண்மை அளவைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்கவேண்டும். இப்படி இறுகியதை வீடு வரை கொண்டுசெல்வது தொழிற்சாலைகளுக்கே பெரும்பாடாக இருந்தது. ஆமணக்கு எண்ணெய் கலந்த கொலோடியன் என்னும் பசைக் கரைசலில் முக்கி எடுத்து, ஒரு மெல்லிய படலம் போர்த்தி அனுப்பினார்கள். விளக்கில் மாட்டித் தீ வைத்ததும் படலம் ஒரு வீச்சில் எரிந்து மறையும்.

திரி விளக்கில் மேன்டில் எரியத் தொடங்கியதும் திரியை முழுதாக ஏற்றிவிட ஆசை வரும். ஏற்றக்கூடாது. விளக்கின் உலோகம் சூடேற ஏற மண்ணெண்ணெய் அதிகம் ஆவியாகும், சுடர் தானாக வளரும். கால் மணி நேரம் கழித்து மேன்டிலில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றும். அது புகைக்கரி. கரி அகச்சிவப்பைத் தாராளமாக விடும், புள்ளி இருக்கும் இடம் குளிரும், குளிர்ந்த இடத்தில் மேலும் கரி படியும், சற்று நேரத்தில் பாதி மேன்டில் கறுத்துவிடும். பதற வேண்டாம், கையால் தட்டவும் வேண்டாம். திரியைத் தாழ்த்தி வைத்தால் கரி மெல்ல எரிந்து தீர்ந்து, மேன்டில் மறுபடி வெள்ளையாகும்.